தாகத்துக்குத் தா: வடமாநிலத் தொழிலாளர்களோடு பழகத் தொடங்கும் சபையாருக்கு

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். ஞாயிறு மதியம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடக்க இடமிருக்காது. காதில் விழுவது ஒடியா, இந்தி, வங்காளம், போஜ்புரி. அதே நேரத்தில் நாம் ஆராதனை முடித்து, வாசலில் ஆயருக்குக் கை கொடுத்துவிட்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஹார்ன் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். சபையில் யாராவது ஒருவருக்கு ஒரு நாள் உறுத்தும்: "இவங்களுக்கு நாம ஏதாவது செய்யணுமே." அப்படி உறுத்தியவருக்காக இதை எழுதுகிறேன். எட்டு வருடமாக இதில் விழுந்து எழுந்துகொண்டிருப்பவன். விழுந்த இடங்களை முதலில் சொன்னால் உங்களுக்கு நேரம் மிச்சமாகும்.

பிரியாணியோடு தொடங்காதீர்கள்

நாங்கள் முதல் தடவை போனது ஓர் ஆடி மாதம். ஐம்பது சிக்கன் பிரியாணிப் பொட்டலம், ஐம்பது இந்திக் கைப்பிரதி, ஒரு வேன், எட்டுப் பேர். பத்து அறை கொண்ட லைன் வீடு. முதல் நான்கு அறைகளில் பீகார்க்காரர்கள். அவர்களுக்கு அது சாவன் மாதம். அந்த மாதத்தில் பலர் கறி தொடமாட்டார்கள். கையில் வாங்கிய பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அடுத்த அறைகளில் ஒடிசாக்காரர்கள். எங்கள் கைப்பிரதி இந்தியில் இருந்தது. அவர்கள் வாசிப்பது ஒடியா. எழுத்தே வேறு. இதைக்கூட யோசிக்காமல் அச்சடித்திருந்தோம்.

எட்டாவது அறையில் ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்துப் பையன்கள் மூன்று பேர். என் உடைந்த இந்தியில் ஒருவனிடம், "இயேசுவைத் தெரியுமா?" என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினான். லுத்தரன் சபைக்காரன். 1845இல் கோஸ்னர் மிஷனின் ஜெர்மன் மிஷனரிகள் ராஞ்சிக்கு வந்தார்கள். 1850இல் உராவ் ஆதிவாசி மக்களில் முதல் நான்கு பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த வழியில் வந்தவன் அவன். பக்கத்து சிம்டேகா மாவட்டத்தில் மக்களில் பாதிக்குமேல் கிறிஸ்தவர்கள். எங்கள் சபைக்கு அடிக்கல் நாட்டியபோதே அவன் சபைக்கு நூறு வயது தாண்டியிருந்தது. நான் அவனுக்குச் சுவிசேஷம் சொல்லப் போயிருந்தேன்.

ஆகவே முதல் படி இதுதான்: ஒரு மாதத்துக்கு எதையும் கொடுக்காதீர்கள். யார், எந்த ஊர், என்ன மொழி, எந்தக் கம்பெனி, எந்த ஷிப்ட், என்ன பண்டிகை என்று தெரிந்துகொள்ளுங்கள். விசாரணைக் கமிஷன் மாதிரி நோட்டும் பேனாவுமாகப் போக வேண்டாம். அந்த லைன் வீட்டு வாசலில் இருக்கும் பெட்டிக்கடையில் வாரம் இரண்டு நாள் டீ குடித்தால் போதும். பெட்டிக்கடைக்காரருக்கு எல்லாம் தெரியும்.

நம் வீட்டு டம்ளர்

வெளியே போவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. இது பலருக்குப் பிடிக்காது. எங்கள் கமிட்டியிலும் பிடிக்கவில்லை.

நம் சபைக்குள்ளேயே யார் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள்? பெண் கொடுத்து எடுப்பது ஒருபுறம் இருக்கட்டும். கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை யாருக்கு? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழும்பிய கத்தோலிக்கக் கோயிலின் நடுக்கூடமே இரண்டு கிளையாகக் கட்டப்பட்டது. ஒரு கிளையில் நாடார்கள், மற்றதில் வெள்ளாளர்கள். பீடம் இரண்டு பக்கத்துக்கும் தெரியும்; ஒரு பக்கத்தார் முகம் மறு பக்கத்தாருக்குத் தெரியாது. இடையிலிருந்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது, அதற்கும் வழக்குப் போட்டார்கள். அதை நினைத்துச் சிரிக்க நமக்கு அவ்வளவு உரிமை இல்லை. செங்கல் சுவர் இல்லாத சபைகளிலும் சுவர் இருக்கும். புதிதாக வந்தவன் ஒரே மாதத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவான்.

அதே 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா மேடையேறினார். மிஷனரிகள் எங்களுக்காகத் தங்கள் பொருளையும் உயிரையும் கொடுத்தார்கள். அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று பேசினார். அவர் குறைபட்டது இதற்குத்தான்: வெள்ளைக்கார மிஷனரிகள் இந்திய ஊழியரோடு வேலை செய்வார்கள், ஆனால் வீட்டுக்கு அழைத்து ஒன்றாகச் சாப்பிட மாட்டார்கள். கூட்டத்தில் பலருக்கு முகம் சிவந்துவிட்டது. பின்பு 1912இல் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தமிழ்நாட்டில் அல்ல, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லில். தமிழர் தெலுங்கு கற்றுக்கொண்டு, ஊரால் ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள் நடுவே வேலை செய்தார்.

அவர் அன்று வெள்ளைக்காரரிடம் கேட்டதை இன்று ஓர் ஒடியாத் தொழிலாளி நம்மிடம் கேட்கலாம். நாம் பிரியாணி கொடுக்கிறோம், பழைய போர்வை கொடுக்கிறோம், கிறிஸ்துமஸுக்கு கேக் கொடுக்கிறோம். வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கிறோம்? குழு அமைப்பதற்கு முன், குழுவில் சேர விரும்புகிறவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடட்டும். எங்கள் குழுவில் பதினாறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். இந்த நிபந்தனைக்குப் பிறகு ஒன்பது பேர் மிஞ்சினோம். ஒன்பது பேர் தாராளமாகப் போதும்.

கொடுப்பதற்கு முன் கேளுங்கள்

சமாரியாவின் சீகார் ஊர்க் கிணற்றடியில் இயேசு அந்தப் பெண்ணிடம் சொன்ன முதல் வார்த்தை என்ன? "தாகத்துக்குத் தா." பிரசங்கம் பிறகுதான் வருகிறது. யூதர் சமாரியரோடு புழங்காத காலம். களைத்து, மொண்டுகொள்ளப் பாத்திரம் இல்லாமல், கை நீட்டிக் கேட்கிறவராக அவர் உட்கார்ந்திருக்கிறார். நீர் யூதனாயிருக்க என்னிடம் எப்படிக் கேட்கலாம் என்று அவளே திகைக்கிறாள். நாம் ஞாயிறு பள்ளியிலிருந்து படித்த கதை. ஆனால் ஊழியத்துக்குப் போகும்போது மட்டும் கொடுக்கிற கையாகவே போகிறோம்.

எனக்கு இது புத்தகத்திலிருந்து வரவில்லை. பிரியாணி விவகாரம் நடந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு மழை இரவில் அதே லைன் வீட்டுக்கு முன்னால் என் வண்டிச் செயின் அறுந்துவிட்டது. எட்டாவது அறைப் பையன் வெளியே வந்தான். பிளாஸ்டிக் கவரைத் தலையில் மாட்டிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் அரை மணி நேரம் போராடினான். பிறகு உள்ளே கூப்பிட்டு ஒரு ஸ்டீல் செம்பில் தண்ணீர் கொடுத்தான். நான் பழக்க தோஷத்தில் அண்ணாந்து குடித்தேன்.

அவன் முகம் மாறியதைக் கவனித்தேன். காரணம் பல மாதம் கழித்துத்தான் சொன்னான். நமக்கு அண்ணாந்து குடிப்பது எச்சில் படாமல் இருக்கச் செய்யும் மரியாதை. வீட்டில் அம்மா அடித்துப் பழக்கியது. அவனுக்கோ, ஊரில் பெரிய சாதிக்காரன் ஆதிவாசி வீட்டுப் பாத்திரத்தில் வாய் வைக்காமல் குடிப்பது ஞாபகம் வந்திருக்கிறது. இப்போது நான் எந்த அறைக்குப் போனாலும் டம்ளரை வாங்கி வாய் வைத்துத்தான் குடிக்கிறேன். சின்ன விஷயம்தான். ஆனால் நான் பேசிய எந்தப் பேச்சைவிடவும் அது அவர்களுக்குச் சீக்கிரம் புரிகிறது.

கேட்பதற்கு எத்தனையோ இருக்கிறது. இந்தி சொல்லித்தரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு மோட்டார் ரிப்பேருக்கு யாரைக் கூப்பிடலாம் என்று கேளுங்கள். அவர்கள் சாப்பாட்டைக் கேளுங்கள். ஒடிசாக்காரர்கள் அறையில் வெயில் காலத்தில் மதியம் போனால் "பகாளா" இருக்கும்: முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்டது, பக்கத்தில் சுட்ட கத்தரிக்காய், மசித்த உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய், கையால் குத்தி உடைத்த வெங்காயம். நம் பழைய சோறேதான். என்னோடு வந்த பெரியவர், எழுபது வயது, தாராபுரம் பக்கம், அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். "ஏனுங் தம்பி, இன்னுங் கொஞ்சம் நீத்தண்ணி இருக்குதுங்களா?" என்றார் கொங்குத் தமிழில். அவன் ஒடியாவில் ஏதோ சொன்னான். இருவருக்கும் புரிந்துவிட்டது. அதன்பிறகு அந்த அறையில் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

சில அறைகளில் "ஹண்டியா" என்ற அரிசிக் கள் நீட்டுவார்கள். ஆதிவாசி வீடுகளில் அது விருந்தோம்பல். வேண்டாம் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்து மறுத்துவிடுங்கள். மதுவின் தீமைகளைப் பற்றிய செய்தி அந்த இடத்தில் வேண்டாம்.

எப்படிக் கூப்பிடுவது

"வடக்கன்", "இந்திக்காரன்", "பானிபூரி" என்ற மூன்றையும் முதலில் உங்கள் வீட்டுக்குள் நிறுத்துங்கள். பிள்ளைகள் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள். பெயரைக் கேட்டு, சரியாக உச்சரிக்கும் வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். முறைச்சொல் வேண்டுமென்றால் இந்தி பேசுகிறவருக்கு "பையா", பெண்களுக்கு "தீதி". வங்காளிகள் அண்ணனை "தாதா" என்பார்கள். நம் ஊர் டீக்கடையில் அதைச் சத்தமாகச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், பழகிக்கொள்ளுங்கள். "பாய்" என்றால் அவர்களுக்குச் சகோதரன். நமக்கு முஸ்லிம் பெரியவர். இந்தக் குழப்பத்தில் எங்கள் மூப்பர் ஒருவர் ஒரு முழு மாலை நேரத்தை ஒரு மைதிலிப் பிராமணருக்கு ரம்ஜான் வாழ்த்துச் சொல்வதில் கழித்தார்.

எல்லோரும் இந்தி பேசுகிறவர்கள் என்று எண்ணாதீர்கள். உராவ் மக்களின் குரூக் மொழி நம் திராவிடக் குடும்பத்து மொழி. "நான்" என்பதற்கு "ஏன்", "நீ" என்பதற்கு "நீன்". கண்ணுக்கு "கன்", பல்லுக்கு "பல்", மூன்றுக்கு "மூந்த்". தண்ணீர் "அம்", பழந்தமிழிலும் அம் என்றால் நீர். குடிப்பதற்கு "ஓன்னா", நம் "உண்" தான் அது. எட்டாவது அறையில் ஒரு ஞாயிறு மாலை முழுக்க இதையே விளையாட்டாக ஆடினோம். அவர்கள் ஒரு சொல் சொல்ல நாங்கள் ஒரு சொல் சொல்ல, பொருந்தும்போதெல்லாம் கைதட்டல். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் தமிழ் எழுத்துப் பழகினார் என்பார்கள். அந்த அளவுக்கு வேண்டாம். வாரத்துக்கு ஐந்து சொல் போதும். தப்பாகப் பேசுங்கள். அவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் தமிழைத் தப்பாகப் பேசும்போது இந்த ஊர் தினமும் சிரிக்கிறதே, ஒரு மாறுதலுக்கு அவர்கள் சிரிக்கட்டும்.

போகும் நேரமும் போகும் முறையும்

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் சாதாரணம். எட்டரை மணிக்குத் திரும்பி, குளித்து, சமைத்து, ஊருக்குப் போன் பேசி முடிக்கப் பதினொன்றாகும். எனவே வார நாளில் போகாதீர்கள். ஞாயிறு காலை துணி துவைப்பார்கள், மதியம் கடைத்தெரு. மாலை நான்கிலிருந்து ஆறு வரை சரியான நேரம். பீகார்க்காரர்களின் சத் பண்டிகைக்கும் துர்கா பூஜைக்கும் ஊருக்குப் போய்விடுவார்கள் அல்லது போக முடியாத ஏக்கத்தில் இருப்பார்கள். இரண்டாவது வகையினரைப் பார்க்கப் போகலாம், வெறும் கையோடு.

வேனில் எட்டுப் பேர் போய் இறங்கினால் போலீஸ் வந்தது போல் இருக்கும். இரண்டு பேர் போங்கள். பெண்கள் இருக்கும் அறைக்கும் விடுதிக்கும் பெண்கள் மட்டுமே போக வேண்டும். இதில் விதிவிலக்கே வேண்டாம், ஆயராக இருந்தாலும் சரி. கம்பெனி வளாகத்துக்குள்ளோ சைட்டில் இருக்கும் லேபர் ஷெட்டுக்குள்ளோ கான்ட்ராக்டரிடம் சொல்லாமல் நுழையாதீர்கள். நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள், ஏச்சு வாங்குவது அவர்கள்.

போட்டோ எடுக்காதீர்கள். சபை வாட்ஸ்ஆப் குழுவுக்கு ஒன்று, ஆண்டறிக்கைக்கு ஒன்று என்று கை துறுதுறுக்கும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. திருப்பூரிலிருந்து ரயில் ரயிலாகக் கிளம்பினார்கள், வீட்டிலிருந்து அம்மாக்கள் அழுதுகொண்டே போன் செய்தார்கள். அவர்கள் முகம் எங்கோ ஒரு போனில் சுற்றுவது அவர்களுக்கு எவ்வளவு பயம் என்று அந்த வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஆதார் அட்டையையும் கேட்காதீர்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த முஸ்லிம்களிடம் "சரியா எந்த ஊர், எல்லைக்கு எவ்வளவு தூரம்" என்று துருவுவது அதைவிட மோசம்.

எந்த உதவி உதவியாக இருக்கும்

லைன் வீட்டு ஒடியா அக்கா ஒருவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டோம். அரிசி, போர்வை என்று எதிர்பார்த்தோம். "பக்கத்து லைன்காரங்க குழாயடியில எங்களைக் கடைசியா விடுறாங்க, அதைப் பேசி முடிச்சுக் கொடுங்க" என்றார். வீட்டு ஓனர் எங்கள் சபைக்காரர். பத்து நிமிட வேலை.

பெரும்பாலும் தேவைப்படுவது இப்படித்தான்: உள்ளூர் மொழியும், உள்ளூர் தைரியமும், யாரைக் கேட்க வேண்டும் என்ற விவரமும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிறவருக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள். பிடிப்பது தெரியும், தன் இஎஸ்ஐ எண் என்ன என்று பலருக்குத் தெரியாது. விரல் மெஷினில் மாட்டிய பிறகுதான் தேடுவார்கள். நலமாக இருக்கும்போதே அந்த எண்ணை எழுதி பர்ஸில் வைக்கச் சொல்லுங்கள். சொந்த ஊரில் ரேஷன் அட்டை இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் இங்கேயே விரல்ரேகை வைத்து அரிசி வாங்கலாம். தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து இது உண்டு. முதல் தடவை கூடவே போய்க் கடையில் நில்லுங்கள், ஏனென்றால் தனியாகப் போனால் "சர்வர் வேலை செய்யல" என்ற பதிலோடு திரும்பிவர வாய்ப்பு அதிகம். ஆறிலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளைக்கு டிசி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று பள்ளியில் இடம் மறுக்கக்கூடாது. 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு எங்கே, எந்த வரிசை என்று காட்ட ஒரு ஆள் போதும்.

சாவு வந்தால் நிலைமை வேறு. சடலத்தை ஊருக்கு அனுப்ப இறப்புச் சான்று, போலீஸின் தடையில்லாச் சான்று, எம்பாமிங் சான்று, பெட்டி, விமான கார்கோ என்று இரண்டு நாள் ஓட வேண்டும். மார்ச்சுவரி வாசலில் உடன் வேலை பார்த்த பையன்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். இதற்கென்று சபையில் ஒரு சிறு நிதி ஒதுக்கி வையுங்கள். கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஒதுக்குவதை இங்கே திருப்பினாலே போதும்.

எல்லாவற்றையும் நீங்களே தோளில் போட்டுக்கொள்ள வேண்டாம். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், ஓர் இரவு பார்த்துக்கொண்டான். மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். நமக்கும் சத்திரக்காரர்கள் வேண்டும். இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், லேபர் ஆபீஸில் ஒரு கிளார்க், கோர்ட்டில் ஒரு வக்கீல், தலைமையாசிரியர் ஒருவர். இந்த நான்கு நம்பர்களைச் சேர்ப்பதற்கே எங்களுக்கு ஒரு வருடம் ஆனது. குழந்தைகள் விஷயம் என்றால் 1098, பெண்களுக்கு 181, அவசர ஆம்புலன்ஸ் 108. இவை எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

நீங்களே முதலாளியா?

நம் சபைகளில் கம்பெனிக்காரர்களும் கான்ட்ராக்டர்களும் லைன் வீட்டு ஓனர்களும் இருக்கிறார்கள். உங்களிடம் சம்பளம் வாங்குகிறவரிடம் விசுவாசத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். அவர் தலையாட்டுவார், வேறென்ன செய்ய முடியும்? ஓவர்டைம் கணக்கை நேராக வையுங்கள், கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் போடுங்கள், வாடகையை ஆள் தலைக்கு ஏற்றாதீர்கள். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியிருக்கிறார். கூலியைப் பிடித்த கையால் கைப்பிரதி கொடுத்தால், அந்தக் கைப்பிரதியை யாரும் வாசிக்க மாட்டார்கள்.

விசுவாசத்தைப் பற்றி எப்போது பேசுவது

அவர்கள் கேட்கும்போது. கேட்பார்கள். "நீங்க ஏன் வர்றீங்க? இதுல உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்ற கேள்வி ஆறு மாதத்தில் வந்தே தீரும். அப்போது மழுப்பக் கூடாது. நான் இயேசுவைப் பின்பற்றுகிறவன், அவர் எனக்கு இன்னது செய்தார், அதனால் வருகிறேன் என்று மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். உங்கள் சொந்தக் கதையைச் சொல்லுங்கள். உபதேசத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் சாமியைக் கிண்டல் செய்யாதீர்கள். நோய் சுகமாகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வேலை, கடன், பள்ளிச் சீட்டு எதையும் ஜெபத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். உதவி செய்த அன்று விசுவாசத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்பது எங்கள் குழுவின் விதி. ஜெபிக்கலாமா என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று டீயைக் குடியுங்கள். சம்மதித்தால் சின்னதாக, தமிழிலேயே ஜெபியுங்கள். தொண்டை கிழியக் கத்த வேண்டாம், பக்கத்து அறையில் நைட் ஷிப்ட்காரர் தூங்குவார். வாசிக்கத் தெரியாதவர்கள் பலர். கைபேசியில் அவரவர் மொழியில் ஒலி வடிவ வேதாகமம் கிடைக்கிறது. கேட்டால் மட்டும் இறக்கிக் கொடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் சொன்னது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் இவர்கள் ஊர்களில் கதை வேறு: ஒடிசாவில் 1967இலேயே சட்டம் வந்துவிட்டது, ஜார்க்கண்டில் 2017இல் வந்தது. 2008இல் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்களுக்கு எதிராக நடந்த வன்முறையை நேரில் பார்த்தவர்கள் உங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கக்கூடும். ஞானஸ்நானம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் நமக்கு அது சந்தோஷச் செய்தி. ஊரில் அவர் அம்மாவுக்கு, பங்காளிகளுக்கு, பஞ்சாயத்துக்கு அது என்னவாக இருக்கும் என்று அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவசரப்படாதீர்கள். அவர் மாவட்டத்தில் இருக்கும் சபையோடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுங்கள், ஏனென்றால் அடுத்த வருடம் அவர் இங்கே இருப்பார் என்று எந்த நிச்சயமும் இல்லை. இந்த வேகத்தில் போனால் ஆண்டறிக்கையில் எழுத எண்ணிக்கை இருக்காது. எங்கள் அறிக்கையில் அந்தக் கட்டம் எட்டு வருடமாகக் காலியாகத்தான் இருக்கிறது. ஆயர் இரண்டு பேர் மாறிவிட்டார்கள், மூன்றாமவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அவர்கள் கோயிலுக்கு வந்தால்

முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்பார்கள். வரவேற்கிறவர் பழக்கத்தில் கடைசி பெஞ்சைக் காட்டுவார். நீ அங்கே நில்லு, அல்லது என் பாதபடியண்டையிலே உட்காரு என்று ஏழையிடம் சொன்னவர்களை யாக்கோபு எப்படித் திட்டுகிறார் என்று வரவேற்புக் குழுவுக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டிவிடுங்கள். உங்கள் பெஞ்சிலேயே, உங்கள் குடும்பத்துக்கு நடுவில் உட்காரவையுங்கள். எழுந்து அறிமுகம் செய்துகொள்ளச் சொல்லிக் கூச்சப்படுத்தாதீர்கள். அசனம், அதாவது சபை விருந்து என்றால் அவர்களைப் பந்தியில் உட்காரவையுங்கள். சாம்பார் வாளி தூக்க ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்படுகிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அடுத்த வருடம் அவர்களே வாளி தூக்குவார்கள், அப்போது தடுக்காதீர்கள்.

எட்டாவது அறைப் பையன்கள் தங்கள் மொழியில் பாட ஓர் இடம் கேட்டார்கள். ஞாயிறு மாலை ஞாயிறு பள்ளி ஹாலைக் கொடுக்கலாமா என்று கமிட்டியில் மூன்று கூட்டம் நடந்தது. மின்விசிறி, கரண்ட் பில், பொறுப்பு என்று பேச்சு சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் சாவியில் நின்றது. சாவியை யார் வைத்திருப்பது? நம் ஆள் ஒருவர் திறந்து மூடட்டும் என்றார்கள். பழைய சோற்றுக்குத் தரையில் உட்கார்ந்த அந்தத் தாராபுரத்துப் பெரியவர் எழுந்து, "சாவியில்லாம ஊட்டுக்குள்ள இருக்கறவன் விருந்தாளிங்க. அவிய விருந்தாளிங்களா, நம்ம சபைங்களா? அத மொதல்ல சொல்லிப்போடுங்க" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். சாவி கொடுத்தோம். நாலு மாதம் கழித்து ஒரு டியூப்லைட் போனது. அவர்களே வாங்கிப் போட்டுவிட்டு பில்லைப் பொருளாளரிடம் கொடுத்தார்கள், கணக்குக்காக. பணம் வேண்டாம் என்றார்கள்.

செயின் மாட்டிக் கொடுத்தவனுக்கு வருகிற மே மாதம் கல்யாணம். ஊரில், கும்லாவிலிருந்து இன்னும் உள்ளே. "அண்ணா, நீங்க வரணும், எங்க வீட்டுல தங்கணும்" என்று தமிழிலேயே சொன்னான். எனக்கு அந்த ஊரில் யாரையும் தெரியாது, கையில் இருக்கும் குரூக் நாற்பது சொல் தேறும். திருப்பூரிலிருந்து ராஞ்சி வரை தன்பாத் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் போட்டிருக்கிறேன். வெயிட்டிங் லிஸ்ட் 43.